வீட்டு நீச்சல் குளம்: கவர் போடுவதா, குளோரினைக் கூட்டுவதா?

கோவளத்துக்குப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கும் அக்கா வீட்டுக் குளத்தை நான்கு ஆண்டுகளாக நான்தான் பராமரிக்கிறேன். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் ஒன்றேகால் மீட்டர். மொத்தம் 40,000 லிட்டர். தண்ணீரில் பச்சை தட்டினால் குளத்து மருந்து விற்கும் கடைக்காரர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "குளோரினைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள், சார்." இரண்டு கோடைகள் அப்படியே கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாம் கோடையில் கவர் வாங்கினோம். இரண்டு வழிகளையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் வெயிலில் முதல் செலவு கவருக்குத்தான் போக வேண்டும்.

திறந்த குளத்தின் கணக்கு இது. ஒரு மே மாதம் குளத்தின் சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, மறுநாள் அதே நேரத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். 6 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அதாவது ஒரே நாளில் 192 லிட்டர். மாதம் முழுவதும் அப்படியே இறங்கினால் ஏறக்குறைய ஒரு 6,000 லிட்டர் லாரித் தண்ணீர். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, சென்னை முழுவதும் குடங்களோடு லாரிக்குக் காத்துக் கிடந்ததைப் பார்த்த எவருக்கும் இது சின்னக் கணக்காகத் தெரியாது.

தண்ணீரோடு நிற்பதில்லை. வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் சயனூரிக் அமிலம் இல்லாத குளத்தில், உச்சி வெயில் படும்போது குளோரினின் பெரும்பகுதி இரண்டு மணி நேரத்தில் அழிந்துவிடும். போதாததற்கு வேப்பம்பூவும் சருகும் விழுந்து மிச்சத்தையும் தின்னும். கவர் போட்டால் ஊற்றும் தண்ணீரில் 30 முதல் 50 சதவீதமும், மருந்தில் 35 முதல் 60 சதவீதமும் மிச்சமாகும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. எங்கள் குளத்தில் குளோரின் செலவு பாதிக்குச் சற்று மேல் குறைந்தது.

ஆனால் எந்தக் கவர் என்பதில் கவனம் வேண்டும். கடையில் முதலில் நீட்டுவது நீல நிறக் குமிழ் கவர். விலை குறைவு, எடையும் குறைவு. ஒரே ஆள் சுருட்டிவிடலாம். அது குளிர் நாடுகளில் தண்ணீரைச் சூடாக்குவதற்காக வந்தது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ குளம் வைத்திருப்பவர் தாராளமாக வாங்கலாம். இங்கே அதை ஒரு வாரம் இரவல் வாங்கி விரித்துப் பார்த்தேன். 31 டிகிரியில் இருந்த தண்ணீர் 35-க்கு ஏறியது. குழந்தைகள் இறங்கிய வேகத்தில் கரையேறிவிட்டார்கள். வெளிச்சமும் சூடும் சேர்ந்தே கிடைத்தால் பாசிக்கும் கொண்டாட்டம்தான். மேற்புறம் வெள்ளையாக, வெளிச்சம் புகாத பி.வி.சி. தார்ப்பாயே எங்களுக்குச் சரிப்பட்டது. கனமானது, சுருட்ட இரண்டு பேர் வேண்டும், விலையும் அதிகம். ஆவியாதல் நின்றால் தண்ணீர் குளிர்வதும் நிற்கும் என்பதால், கத்திரி வெயில் நாட்களில் இரவு 8 மணிக்கு மேல் இரண்டு மணி நேரம் திறந்து வைக்கிறோம். குளத்துக்கு மேலே நிழல்வலை கட்டுவோரும் உண்டு. வெயில் குறையும், ஆனால் கடற்காற்று தண்ணீரை உறிஞ்சுவது முழுவதும் நிற்காது.

அடுத்தது எந்தக் குளோரின் என்பது. கவர் இல்லாத காலத்தில் நான் நம்பியது டி.சி.சி.ஏ. 90 என்ற குளோரின் மாத்திரைகளை. மிதக்கும் டப்பாவில் போட்டுவிட்டால் வாரக்கணக்கில் கரைந்துகொண்டிருக்கும். அந்த வசதிக்குப் பின்னால் ஒரு சிக்கல் இருக்கிறது. அது தரும் ஒவ்வொரு 10 பி.பி.எம். (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) குளோரினோடும் 6 பி.பி.எம். சயனூரிக் அமிலம் சேரும். நாளுக்கு 2 பி.பி.எம். குளோரின் என்றால் மூன்றே மாதத்தில் அமிலம் 100-ஐத் தாண்டும். 30 முதல் 50 வரை இருந்தால் அது வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும். அளவு மீறினால் குளோரினை வேலை செய்ய விடாது. சோதனைக் குழாயில் மஞ்சள் நிறம் குளோரின் 3 பி.பி.எம். என்று காட்டியது. கையை வைத்தால் சுவர் வழுக்கியது. நான் அந்த மஞ்சளை நம்பி மேலும் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். ஆவியாகும் நீர் இந்த அமிலத்தைக் கொண்டுபோவதில்லை. அதனால் பாதிக் குளத்தை, 20,000 லிட்டரை, வெளியேற்றினோம். அந்த நாளை நினைத்தால் இன்றும் வலிக்கிறது.

இப்போது திரவ ஹைப்போதான், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல். 10 சதவீதக் கரைசல் 400 மில்லி ஊற்றினால் இந்தக் குளத்துக்கு 1 பி.பி.எம். வெயில் தாழ்ந்த பிறகு, பம்ப் ஓடும்போது ஊற்றுகிறேன். வெப்பத்தில் கேனிலேயே வீரியம் இழந்துவிடும் என்பதால் இரண்டு வாரத்துக்கு மேல் வாங்கி வைப்பதில்லை. கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் போர் தண்ணீரே கடினநீர். அதில் மேலும் கால்சியம் சேர்ந்தால் டைல்ஸில் வெள்ளைப் படிவம் ஏறும். பிளீச்சிங் பவுடர் அடியில் சுண்ணாம்பாகவே தங்கும். உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் கருவியின் தகடுகளிலும் இதே படிவம்தான் பிடிக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். டி.சி.சி.ஏ.வையும் கால்சியம் ஹைப்போவையும் ஒரே கரண்டியால்கூட அள்ளக் கூடாது, தீப்பிடிக்கும். ஆசிட்டும் ஹைப்போவும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

கவரிலும் குறைகள் உண்டு. அதிக அளவு குளோரின் போடும் நாளில் மூடினால் வாயு உள்ளே அடைபட்டுக் கவரே வெளுத்துப் பாழாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதன் மேல் தேங்கும் தண்ணீரை அன்றன்றே இறைக்காவிட்டால் டெங்கு கொசு முட்டையிடும். எல்லாவற்றையும்விடப் பெரிது ஒன்று. இவை எதுவும் பாதுகாப்புக் கவர் அல்ல. அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். அமைப்பு வகுத்த தரப்படி பாதுகாப்புக் கவர் 220 கிலோவைத் தாங்க வேண்டும். எங்கள் தார்ப்பாயின் மேல் ஒரு குழந்தை கால் வைத்தால் அதோடு சேர்ந்தே உள்ளே போய்விடும். அக்காவின் பேத்திக்கு மூன்று வயது. குளத்தைச் சுற்றிய வேலிக் கதவின் சாவி, கவர் விரித்திருக்கும் நாளிலும், அக்காவின் இடுப்பில்தான் இருக்கிறது.