செகண்ட் லைஃப் ரிசார்ட்ல ரூம் எடுக்கறதுக்கு முன்னாடி தரையை ரைட் கிளிக் பண்ணி பாருங்க

எழுதலாமா வேணாமான்னு ரெண்டு நாளா மனசு அடிச்சுக்குது. வீட்டுக்காரர் தான் சொன்னாரு, "நாம இன்னா தப்பா பண்ணோம், புருஷன் பொண்டாட்டி தான, எழுது, இன்னொருத்தர் மாட்டாம இருக்கட்டும்"னு. அதான் எழுதறேன், செகண்ட் லைஃப்ங்கற ஆன்லைன் உலகத்துல பிரைவேட்னு ரூம் எடுத்து நாங்க ஏமாந்த கதைய.

நாங்க தண்டையார்பேட்டை, ஹவுசிங் போர்டு வீடு. ஒரே ஒரு ரூம், ராத்திரி ஆனா நான், அத்தை, நாத்தனார் மூணு பேரும் அங்க தான் படுப்போம். அவரு தோஹால இருக்காரு, ஒரு ரூம்ல ஆறு பேரு. ஃபோன்ல மனசு விட்டு ஒரு வார்த்தை பேச முடியாது, இங்க அத்தை பக்கத்துல, அங்க அஞ்சு பேரு பக்கத்துல. இங்க 11 மணின்னா அங்க எட்டரை, அப்ப தான் அவரு சாப்ட்டு முடிச்சு உக்காருவாரு, ரெண்டு பேரும் சத்தமே இல்லாம டைப் பண்ணுவோம், அதான் எங்க குடும்பம் ரெண்டரை வருஷமா.

செகண்ட் லைஃப் அவரு காட்டினது தான். 2003ல இருந்து இருக்கற மெய்நிகர் உலகம், கம்ப்யூட்டர்ல நமக்குன்னு ஒரு பொம்மை உருவம் வெச்சு உள்ள நடமாடலாம், டைப் பண்ணி பேசலாம், லிண்டன் லேப்னு ஒரு கம்பெனி நடத்துது, ஆனா உள்ள இருக்கற வீடு, கடை, ஹோட்டல் பெரும்பாலும் நம்மள மாதிரி யூசருங்க கட்டினது. துட்டு லிண்டன் டாலர், கிட்டத்தட்ட 250 குடுத்தா ஒரு அமெரிக்க டாலர். ஜெனரல், மாடரேட், அடல்ட்னு இடத்துக்கு இடம் ரேட்டிங் உண்டு, அடல்ட் இடத்துக்கு 18 வயசு ஆனவங்க மட்டும் தான் போகலாம். 2009ல அதுக்குன்னே ஸிண்ட்ரான்னு ஒரு தனி கண்டமே திறந்தாங்க. தம்பதிங்களுக்குன்னு பீச் ரிசார்ட்டெல்லாம் இருக்கும். நம்ம காசிமேட்டுல கடலப் பார்க்க ரெண்டு பேரும் போனது கல்யாணமான புதுசுல நாலு தடவை, அவ்ளோ தான், அதனால கடல் பக்கம் ஒரு ரூம்னதும் எனக்கு ஆசை வந்துடுச்சு.

கல்யாண நாளுக்கு அவரு தன் கார்டுல லிண்டன் வாங்கி ஒரு அடல்ட் ரிசார்ட்ல "பிரைவேட் கப்பிள் சூட்" எடுத்தாரு. பேரு சொல்லல. மொத்தமா நாலு வாரத்துக்கு கட்டினா தள்ளுபடின்னு மேனேஜர் சொன்னாராம், 7,200 லிண்டன், ஏறக்குறைய 29 டாலர். கதவு பக்கத்துல ஒரு வாடகைப் பெட்டி தொங்கும், அதை கிளிக் பண்ணி பே குடுத்தா அந்த செகண்டே ஓனர் அக்கவுண்ட்டுக்கு போய்டும், ஓனரா பார்த்து குடுத்தா தான் திரும்பி வரும், இது எங்களுக்கு அப்புறம் தான் தெரியும். கட்டில், திரைச்சீலை, கதவுல லாக் எல்லாம் இருந்துச்சு. நான் 600 லிண்டனுக்கு ஒரு ஊஞ்சல் வாங்கி ஜன்னல் பக்கம் போட்டேன். அஞ்சு நாள் சத்தியமா சந்தோஷமா இருந்தேன், வெளிய டி.எச். ரோட்ல கண்டெய்னர் லாரி போற சத்தம் கேக்கும், நான் லேப்டாப்புல அலையப் பார்த்துட்டு இருப்பேன்.

ஆறாவது நாள் அவரு வர லேட்டாச்சு, நான் லாபில நின்னுட்டு இருந்தேன். முன்னபின்ன தெரியாத ஒரு ஆள் வந்து என்னை ஒரு பேரு சொல்லி கூப்ட்டாரு. அது என் ஐடி பேரு இல்ல. என் வீட்டுக்காரர் மட்டும் கூப்பிடற பேரு, எங்க அம்மாவுக்கே தெரியாது, இங்கயும் எழுத மாட்டேன். அடுத்த லைன்ல "கால நீட்டு, பிடிச்சு விடறேன்"னு அடிச்சாரு. முந்தின நாள் நான் தண்ணி லாரில இருந்து குடம் தூக்கி கால் வலின்னு சொன்னப்ப என் வீட்டுக்காரர் எனக்கு அடிச்ச வரி அது, எழுத்துக்கு எழுத்து அதே. எனக்கு கை நடுங்கி லேப்டாப்ப அப்படியே மூடிட்டேன். பக்கத்துல அத்தை தூங்கறாங்க, அழக்கூட முடியல.

மறுநாள் விஷயம் தெரிஞ்ச ஒரு தம்பி சொல்லிக் குடுத்தாரு. தரையை ரைட் கிளிக் பண்ணி, இடத்தோட விவரம் காட்டற அபௌட் லேண்ட் போய் பாருங்கக்கான்னாரு. பரப்பளவு 65,536 சதுர மீட்டர்னு வந்துச்சு, அதாவது 256க்கு 256, முழு தீவும். லாபி, பாரு, எங்க ரூம், பக்கத்து ரூம் எல்லாம் ஒரே பார்சல், அதாவது ஒரே மனை. பார்சலா பிரிச்சு குடுத்திருந்தா ஆப்ஷன்ஸ்ல இருக்கற ஒரு டிக்க எடுத்துட்டா, வெளி பார்சல்ல இருக்கறவங்க நம்மள பார்க்கவும் முடியாது, சாட் படிக்கவும் முடியாது. ஒரே பார்சல்ல அந்த டிக்க எடுத்தும் பிரயோஜனம் இல்ல, எல்லாரும் உள்ள இருக்கற ஆளு தான. லோக்கல் சாட், அதாவது பொதுவுல அடிக்கற பேச்சு, 20 மீட்டருக்குள்ள இருக்கற எல்லாருக்கும் தெரியும், சுவரு தடுக்காது. கேமராவ நகர்த்தினா சுவத்துக்குள்ள பூந்து பார்க்கலாம். எவனோ ஒருத்தன் பக்கத்து ரூம்ல நின்னாலே போதும், இல்லன்னா சாட்ட ஒட்டுக்கேக்கற ஸ்கிரிப்ட்டு, அதாவது சின்ன புரோகிராம் ஒன்ன பூந்தொட்டிக்குள்ள வெச்சாலும் போதும். அந்த லாக்கு கதவுக்குத் தான், பேச்சுக்கு இல்ல. அப்ப எதை வெச்சு பிரைவேட்னு துட்டு வாங்கினாங்க?

இதையே மேனேஜர்கிட்ட மரியாதையா தான் கேட்டேன். "நோட்கார்டு படிக்கலியா"ன்னாரு, ரூம் விவரம் எழுதி குடுக்கற சீட்டு அது. படிச்சேன், அதுல பிரைவேட்னு தான் போட்டிருக்குன்னு அந்த வரிய காப்பி பண்ணி அனுப்பினேன். பதில் வரல, பத்து நிமிஷத்துல எங்க ரெண்டு பேரையும் வெளிய தள்ளி பேன் பண்ணிட்டாங்க. கட்டின வாடகைல இன்னும் 22 நாள் மிச்சம். யூசருக்கும் யூசருக்கும் நடுவுல நடக்கற வாடகை தகராறுல லிண்டன் லேப் தலையிடாது, அவங்க விதியிலயே அது இருக்கு. ஆனா மத்தவங்க பேச்ச ஒட்டுக்கேக்கறதும் அனுமதி இல்லாம சாட்ட பரப்பறதும் அவங்க விதிப்படியே தப்பு, அதனால லாபி சாட்ட ஸ்கிரீன்ஷாட்டோட லிண்டன் லேப்புக்கு அப்யூஸ் ரிப்போர்ட், அதாவது புகார், போட்டிருக்கேன். துட்டு போனது போச்சு, எனக்கு அந்த பேரு தான் மனசுல குத்துது. இப்ப அவரு அதை கூப்ட்டா கூட அந்த ஆள் ஞாபகம் வருது.

போறவங்க போங்க, நான் தப்புன்னு சொல்லல, பிரிஞ்சு இருக்கற எத்தனையோ பேருக்கு அது தான் வீடு. ஆனா துட்டு கட்டறதுக்கு முன்னாடி ரூம்லயும் லாபிலயும் அபௌட் லேண்ட் பாருங்க, ரெண்டுலயும் ஒரே பேரு, ஒரே பரப்பளவு இருந்தா அது ரூமே இல்ல, நடு ஹால்ல போட்ட தட்டி. ஒரு வாரத்துக்கு மேல அட்வான்ஸ் கட்டாதீங்க. அந்தரங்கமா பேசறதெல்லாம் ஐஎம்ல, அதாவது ரெண்டு பேருக்குள்ள மட்டும் போற மெசேஜ்ல பேசுங்க, லோக்கல்ல வேணாம். உங்க அக்கவுண்ட்ல இருந்து துட்டு எடுத்துக்க பர்மிஷன் கேட்டு ஸ்கிரீன்ல ஏதாவது மெசேஜ் வந்தா ஓகே குடுக்காதீங்க. யாராவது சாட்டையோ படத்தையோ வெச்சு மிரட்டினா ஒரு பைசா அனுப்பாதீங்க, எதையும் அழிக்காதீங்க, சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் குடுங்க, துட்டு போயிருந்தா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க.

நேத்து அந்த தம்பி போய் பார்த்துட்டு வந்தாரு. எங்க வாடகை முடிய இன்னும் 19 நாள் இருக்கு, அந்த பெட்டி மேல வேற ஜோடி பேரு ஓடுதாம். ஐடிய தேடி அந்த பொண்ணுக்கு மெசேஜ் போட்டிருக்கேன், இன்னும் ஆன்லைன் வரல.