தெற்கு பஜார் கேசட் கடையும் என் பதினாலு வயசுச் சத்தமும்

பழைய வி.எச்.எஸ். கேசட்டை பென் டிரைவில் ஏற்றித் தரும் கடை ஒன்று பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் மாடியில் இருக்கிறது. படி ரொம்பக் குறுகல். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நின்று ஒரு சத்தம் கொடுத்தால் கடைக்காரத் தம்பியே இறங்கி வந்து வாங்கிக்கொள்கிறார். நான் மூன்று கேசட் கொடுத்தேன். இரண்டு கல்யாண வீடியோ, இரண்டும் சுத்தமாக வந்துவிட்டன. இதை எழுத உட்கார்ந்தது மூன்றாவது கேசட்டுக்காக.

பன்னிரண்டு வயதிலிருந்து பதினைந்து வரை நான் சினிமாவில் நடித்தவன். 1991-ல் பாபநாசத்தில் ஒரு யூனிட் வந்து இறங்கியது. படித்துறையில் குதித்துக்கொண்டு கிடந்த பையன்களில் என்னைக் கூப்பிட்டுக் கதாநாயகனுக்குத் தம்பியாக்கினார்கள். அப்புறம் இன்னும் இரண்டு படம். அம்மாவும் நானும் திருவள்ளுவர் பஸ்ஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து மெட்ராஸ் போவோம். வடபழனியில் ஒரு லாட்ஜ். கன்டினியூட்டி போய்விடும், அதாவது ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் தோற்றம் மாறிவிடும், முடி வெட்டாதே என்பார்கள் அங்கே. முடி வெட்டாமல் கிளாஸுக்குள் வராதே என்பார் இங்கே பி.டி. வாத்தியார். அந்த மூன்று வருஷமும் அம்மா எனக்காக இரண்டு பக்கமும் கெஞ்சிக்கொண்டே இருந்தாள்.

மூன்று படத்திலும் ஒரு வார்த்தைகூட என் சத்தம் கிடையாது. வாய் என்னுடையது, குரல் ஒரு டப்பிங் அக்காவுடையது. சின்னப் பையன்களுக்குப் பெண்கள் குரல் கொடுப்பது அன்றைக்குச் சர்வசாதாரணம். என் விஷயத்தில் திருநெல்வேலிப் பேச்சும் சேர்ந்துகொண்டது. அம்பாசமுத்திரத்தில் படம் பார்க்கப் போன எங்கள் ஊர்க்காரர்கள், திரையில் நான் வாயைத் திறந்ததும், “ஏல, இது அவன் சத்தம் இல்லலா!” என்று கத்தினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரைக்கும் நானும் கவனித்திருக்கவில்லை.

பதினாலு முடியும்போது தொண்டை உடைந்தது, மீசை அரும்பியது, கதாநாயகனின் தோளைத் தாண்டி வளர்ந்துவிட்டேன். சின்னப் பையனாகவும் காட்ட முடியாது, காலேஜ் பையனாகவும் காட்ட முடியாது. ரெண்டுங்கெட்டான் வயசு. கமல்ஹாசனே 1960-ல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் அவ்வளவு பேர் வாங்கிவிட்டு, அந்த வயதில் தங்கப்பன் மாஸ்டரிடம் நடன உதவியாளராக இருந்தவர்தான். பெண் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி. ஸ்ரீதேவி ‘மூன்று முடிச்சு’ படத்தில் நாயகியாக வந்தபோது வயது 13. பையன்களைக் காத்திருக்கச் சொல்வார்கள், பிள்ளைகளை ஒரே நாளில் பெரியவளாக்கிவிடுவார்கள். இரண்டுமே அந்த வயதுக்குச் செய்கிற அநியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கடைசிப் படத்துச் சம்பளச் செக் வங்கியிலிருந்து திரும்பி வந்தது. ஒரு வருஷம் தள்ளிப் பத்தாம் வகுப்பு எழுதினேன். அதோடு சரி.

அந்த மூன்றாவது கேசட், 1994 பிப்ரவரியில் எங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் எடுத்தது. படத்தில் பேசிய வசனத்தை மேடையில் பேசிக் காட்டச் சொன்னார்கள். அந்த வயதில் நான் பேசியது பதிவாகியிருக்கிற ஒரே இடம் அதுதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறை வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது கேசட் தகரப்பெட்டியோடு நனைந்தது. நிழலில் காயவைத்தும் இரண்டு மாதத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. ஒரு கடையில் தூரப் போடச் சொன்னார்கள். இன்னொரு கடையில் அப்படியே வி.சி.ஆருக்குள் தள்ளி, டேப்பின் ஓரத்தைக் கசக்கிக் கொடுத்தார்கள்.

இந்தத் தம்பி முதலில் கேசட்டை மூக்குப் பக்கம் கொண்டுபோய் மோந்து பார்த்தார். “அண்ணாச்சி, இத இப்பம் ஓட்டவே கூடாது” என்றார். திருகாணிகளைக் கழற்றி, டேப்பை வேறொரு கேசட் கூட்டுக்குள் மாற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் கையாலேயே சுற்றிச் சுற்றித் துடைத்தார். அந்த வேலைக்கே இரண்டு நாள். பூஞ்சை டேப்புக்கென்று தனியாக ஒரு வி.சி.ஆர். வைத்திருக்கிறார், நல்ல டேப் அதற்குள் போகாது. 2016-க்குப் பிறகு உலகத்தில் புது வி.சி.ஆரே தயாராவதில்லை. டேப்பைப் படிக்கிற ஹெட் போனால் பழைய மெஷினை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், அதனால்தான் இவ்வளவு பத்திரம் என்றார்.

அரை அங்குல டேப்பின் மேல் ஓரத்தில் மெல்லிய கோடாக ஓடுவதுதான் சத்தம். படம் நடுவில் சாய்வாகப் பதிந்திருக்கும். ஓரம் கசங்கினால் முதலில் போவது சத்தம். எனக்கு வேண்டியது சத்தம் மட்டும்தான் என்றேன். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் விலையைப் பற்றி அவர் பேசவில்லை.

கேசட் ஓடுகிற வேகத்தில்தான் கம்ப்யூட்டரில் ஏறும், அவசரப்படுத்த வழியில்லை. என்னுடையது ஒரு மணி நாற்பது நிமிஷம். காத்திருக்கும்போது ஒரு தங்கச்சி, ஆடிஷனுக்கு அனுப்ப மகனுடைய வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டு போக வந்தார். பையனுக்குப் பன்னிரண்டு வயதாம். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பதினாலு வயது நிறையாத பிள்ளைகளுக்கு 2017-லிருந்து மத்திய அரசு விதி இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தக்கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. ஷூட்டிங் நடக்கிற மாவட்டத்தில் மாவட்ட மாஜிஸ்திரேட், அதாவது கலெக்டர், அனுமதி வாங்க வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பேரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் டெபாசிட் போட வேண்டும். “இதெல்லாம் யாருமே சொல்லலியே அண்ணாச்சி” என்றார். எங்க அம்மாவுக்கும் யாரும் எதுவும் சொன்னதில்லை.

ஒரு மணி நேரம் போனபிறகு மேடையில் நான் வந்தேன். இரண்டு பக்கமும் வாழை மரம், எனக்குப் பெரிய சட்டை. “எண்ணே, அம்மா இன்னும் சாப்புடலண்ணே” என்று ஆரம்பித்தேன். கசங்கிய இடம் வந்து நாலு விநாடி வெறும் இரைச்சல். தம்பி குமிழைத் திருகிக்கொண்டே இருந்தார். திரும்பிச் சத்தம் வந்தபோது, அந்த ‘அண்ணே’யில் தொண்டை உடைந்து, பாதி பிள்ளைச் சத்தமும் பாதி ஆம்பளைச் சத்தமுமாக இழுத்தது. கூட்டத்திலிருந்து ஒரு ஆள், “ஏல, இதாம்ல உன் சத்தம்!” என்கிறார். யாரென்று இன்னும் தெரியவில்லை. அந்த இடத்தை நாலு தரம் போட்டுக் காட்டினார் தம்பி. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு டீ வாங்கக் கீழே போய்விட்டார்.

குறை உண்டு. ஐந்து நாளில் தருகிறேன் என்று சொல்லிப் பதினேழு நாள் ஆக்கினார். முதலில் கொடுத்த கோப்பில் கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாக இருந்தது. திருப்பிக் கொண்டுபோனதும் காசு வாங்காமல் சரிசெய்தார். ரசீது கேட்டால்தான் தருகிறார், கேட்டு வாங்குங்கள். கேசட்டுக்கு 400 ரூபாய், பூஞ்சை துடைக்க 250 தனி. அந்த மூன்றாவது கேசட்டுக்கு மட்டும் நான் ஆயிரமாகக் கொடுத்தபோது மீதியை எண்ணித் திருப்பிக் கையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடை கிடையாது. கேசட்டைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொண்டுபோகாதீர்கள், வேர்த்துவிடும். துணிப்பை போதும், நிமிர்த்தி வையுங்கள். போவதற்கு முன்னால் வீட்டில் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம்.