ஓப்போவா, பானாசோனிக்கா, சோனியா? முடிவு செய்தது லென்ஸ்தான்

சிடி, டிவிடி, புளூ-ரே, அதைவிடத் துல்லியமான 4கே டிஸ்க், கூடவே எஸ்ஏசிடி (துல்லிய ஒலிக்கான சூப்பர் ஆடியோ சிடி) எல்லாம் ஒரே டிஸ்க் பிளேயரில் ஓட வேண்டும் என்றால் கடையில் தேர்வு அதிகம் இல்லை. கடைசியில் மூன்றில் வந்து நின்றேன்: செகண்ட் ஹேண்டில் ஓப்போ யுடிபி-203, புதிதாக பானாசோனிக் டிபி-யுபி9000 அல்லது சோனி யுபிபி-எக்ஸ்800எம்2. வாங்கியது சோனி. காரைக்குடிப் பக்கம் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன்.

படம் மூன்றிலும் நன்றாக வரும். பானாசோனிக் ஒரு படி மேலே. வெளிச்சத்தையும் நிறத்தையும் காட்சிக்குக் காட்சி சரிக்கட்டும் டால்பி விஷன், எச்டிஆர்10+ என்ற இரண்டு முறைகளும் அதில் உண்டு. திரையின் வெளிச்சத்துக்கு ஏற்றபடி காட்சியைச் சரிக்கட்டும் வசதியும் இருக்கிறது. தேவகோட்டையில் நண்பர் வீட்டு புரொஜெக்டரில் ஒரு ராத்திரி பார்த்தேன், இருட்டுக் காட்சிகள் அருமையாக இருந்தன. ஒரு ராத்திரி பார்த்ததற்கு மேல் அதைப் பற்றி நான் பேசுவது சரியில்லை. ஆனால் அதில் எஸ்ஏசிடியும், டிவிடி-ஆடியோ என்ற பாட்டு டிஸ்க்கும் ஓடாது. எஸ்ஏசிடியோடு சிடி அடுக்கும் சேர்ந்த ஹைப்ரிட் டிஸ்க் என்றால் அந்தச் சிடி அடுக்கு மட்டும் பாடும். சிங்கப்பூரிலிருந்து அண்ணன் அனுப்பிய எஸ்ஏசிடிகள் அலமாரியில் இருக்கும்போது அதை நான் வாங்க முடியாது.

ஓப்போ எல்லா டிஸ்கையும் எடுக்கும், அனலாக் வெளியீடும் உண்டு. பழைய ஸ்டீரியோ ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கஷ்டம். புதிதாக 549 டாலருக்கு விற்றது. இப்போது பழையதற்கே அதைவிட அதிகம் கேட்கிறார்கள். அந்தக் காசுகூடப் பரவாயில்லை. 2018இல் அந்த நிறுவனம் பிளேயர் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. என் தயக்கம் அங்கேதான்.

இந்த மாதிரி பிளேயரில் தேய்வது டிஸ்கைப் படிக்கும் லேசர்தான், பேச்சில் லென்ஸ் என்போம். சிடிக்கு 780 நானோமீட்டர், டிவிடிக்கும் எஸ்ஏசிடிக்கும் 650, புளூ-ரேக்கும் 4கேக்கும் 405 என்று மூன்று அலைநீளம் வேண்டும். அதில் ஒன்று மட்டும் தளர்ந்துபோனால், படம் ஜோராக ஓடும், சிடியைப் போட்டால் ‘டிஸ்க் இல்லை’ என்று நிற்கும். விற்பவர் ஒரு புளூ-ரேயைப் போட்டுக் காட்டினால் நாமும் நம்பிவிடுவோம். செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போகிறவர்கள் ஒவ்வொரு வகையிலும் ஒரு டிஸ்க் கையில் எடுத்துப் போங்கள். 4கேயில் 100 ஜிபி டிஸ்க்காக இருக்கட்டும். அதில் மூன்று அடுக்கு, ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில்தான் களைத்த லென்ஸ் திணறும். பாதிப் படம்வரை ஓட்டிப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

நம் ஊர் வீடுகளில் இது இன்னும் முக்கியம். வளவு வானம் பார்த்துத் திறந்திருக்கிறது. காலையில் துடைத்த ஆத்தங்குடி கல் தரையில் சாயங்காலம் விரலை வைத்தால் செம்மண் ஒட்டுகிறது. அதே தூசிதான் டிஸ்க் ட்ரேக்குள்ளும் போகிறது. டவுனில் ரிப்பேர் கடை வைத்திருப்பவரிடம் ஓப்போவைப் பற்றிக் கேட்டேன். “அண்ணே, லென்ஸைக் கொண்டாங்க, மாத்தித் தர்றேன். லென்ஸுக்கு எங்க போவீங்க?” என்றார். எனக்கு அதற்குப் பதில் இல்லை. சோனி 2019இல் வந்தது, புதிதாகவே வாங்கினேன், லேசர் இன்னும் தேயாதது. நாளைக்கே கெட்டுப்போனாலும் நஷ்டம் ஓப்போவில் பாதிகூட இருக்காது.

சோனியிலும் குறை உண்டு. முன்பக்கம் டிஸ்ப்ளே கிடையாது. பாட்டு மட்டும் கேட்கவும் டிவியைப் போட வேண்டியிருக்கிறது. டால்பி விஷனை டிஸ்குக்கு டிஸ்க் நாமே போட்டு அணைக்க வேண்டும். அனலாக் வெளியீடு இல்லை, எஸ்ஏசிடி ஒலி எச்டிஎம்ஐ வழியாக மட்டுமே வெளியே வரும். என்னிடம் ஏவி ரிசீவர் (எச்டிஎம்ஐ ஒலியை வாங்கி ஸ்பீக்கருக்குத் தரும் பெட்டி) இருந்ததால் சிக்கல் இல்லை. அது இல்லாதவர்கள் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து ஆள் மூலம் வாங்குவதாக இருந்தால் இன்னொன்று: டிஸ்க்குக்கும் பிளேயருக்கும் மண்டலப் பூட்டு உண்டு, மண்டலம் ஒத்துப்போகாவிட்டால் டிஸ்க் ஓடாது. சிங்கப்பூர், மலேசியாவுக்கு டிவிடி மண்டலம் 3, நமக்கு 5. புளூ-ரேயில் அங்கே ஏ, இங்கே சி. 4கே டிஸ்குக்கு அந்தப் பூட்டு கிடையாது. உங்கள் டிஸ்க்குகள் பெரும்பாலும் எந்த ஊரில் வாங்கியவை என்று அட்டையின் பின்பக்கம் பார்த்துவிட்டு, அதே ஊர்ப் பிளேயராகச் சொல்லி அனுப்புங்கள்.