காட்டோ யூனிட்ராக்: மேசைமேல் ஓர் இருப்புப்பாதை

வீட்டில் மாதிரி ரயில் பாதை அமைக்கத் தொடங்கிய எனக்கு, ஜப்பானின் காட்டோ நிறுவனத்தின் 'யூனிட்ராக்' தண்டவாளங்களே பெருந்துணை. சரளைப் படுகையும் சேர்ந்தே வார்க்கப்பட்ட இத்துண்டுகளை ஆணியோ பசையோ இன்றி இணைக்கவும் கழற்றவும் முடிவதால், வரைபடத்தை மூன்று முறை மாற்றியும் ஒரு துண்டுகூட வீணாகவில்லை. 'என்' (N) எனப்படும் சிறிய மாதிரி அளவில் இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 9 மி.மீ. மட்டுமே, 282, 315 மி.மீ. ஆரமுள்ள வளைவுகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால், இரட்டைப் பாதைக்குரிய 33 மி.மீ. இடைவெளி தானாகவே அமைந்துவிடுகிறது. ஓரிடத்தில் பெட்டிகள் தடம்புரண்டன. குற்றம் தண்டவாளத்தினுடையதன்று, ஒட்டுப்பலகைகள் சேருமிடத்தில் நான் விட்டுவைத்த சிறு மேட்டினுடையது (உப்புத்தாளும் பொறுமையும் அதைத் தீர்த்தன). சரளைமேல் நீர்த்த பழுப்பு வண்ணம் பூசியபின், மழையும் வெயிலும் கண்ட பாதையாகவே அது தோன்றுகிறது. அடுத்தது சுரங்கப்பாதை, அட்டைக் கூடு தயாராகிவிட்டது.