ஐஓபிஏவா, சிபிசிடியா: வேருக்குள் ஓடும் கால்வாயை எதில் பார்ப்பது?

சேலத்தில் ரூட் கெனால் (பல் வேருக்குள் ஓடும் கால்வாயைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை) செய்பவர்கள் கையில் மூன்று வகை எக்ஸ்ரே படங்கள் புழங்குகின்றன: ஒற்றைப் பல்லுக்கான ஐஓபிஏ, இரு தாடையும் சேர்ந்து விழும் ஓபிஜி, முப்பரிமாண சிபிசிடி. ஓபிஜியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஞானப்பல் எப்படிப் படுத்திருக்கிறது என்று பார்க்க அது நல்லது. கால்வாய் எண்ண உதவாது.

ஏற்காடு மலைப்பாதையை அடிவாரத்தில் நின்று பார்த்தால் இடம் வலமாகத் திரும்பும் வளைவு தெரியும். நம்மை நோக்கி வருவதும் விலகிப் போவதும் தெரியாது. ஐஓபிஏவும் அப்படித்தான். கன்னப் பக்கமோ நாக்குப் பக்கமோ வளையும் வேர் அதில் நேராகவே விழும்.

அதனால் ஒரே படத்தோடு நிறுத்தக் கூடாது. நேராக ஒன்று, கோனை (எக்ஸ்ரே குழாயின் முனையை) 20 டிகிரி பக்கவாட்டில் நகர்த்தி இன்னொன்று. கோன் போன திசையிலேயே படத்தில் நகர்வது நாக்குப் பக்க வேர். எதிர்த்திசையில் போவது கன்னப் பக்க வேர். கீழ் முதல் கடைவாய்ப் பல்லில் நாக்குப் பக்கம் ஒளிந்திருக்கும் மூன்றாவது வேர் பல நேரம் இந்த இரண்டாம் படத்திலேயே பிடிபட்டுவிடும். ஃபைலை (கால்வாயைச் சுரண்டும் மெல்லிய ஊசிக் கருவி) உள்ளே வைத்து எடுக்கும் கோணப் படத்தில் ஃபைல் வேரின் நடுவில் இல்லாமல் ஓரமாகக் கிடந்தால் இன்னொரு கால்வாயைத் தேடுங்கள். கீழ் முன்கடைவாய்ப் பல்லில் அகலமாக இறங்கும் கால்வாயின் கருங்கோடு பாதி வேரில் சட்டென மறைந்தால், அங்கே கால்வாய் பிரிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். இதற்கெல்லாம் சிபிசிடி தேவையில்லை.

ஐஓபிஏ தோற்குமிடம் மேல் முதல் கடைவாய்ப் பல். கன்ன எலும்பின் நிழல் வேர்மேல் விழும். கன்னப் பக்க முன் வேரின் இரண்டாவது கால்வாயான எம்பி2, முதல் கால்வாயான எம்பி1-க்குப் பின்னால் மறைந்துகொள்ளும். சிபிசிடியின் குறுக்குவெட்டில் அந்த வேர் கன்னத்திலிருந்து அண்ணம் நோக்கி நீண்ட முட்டை வடிவில் தெரியும். ஒரே கால்வாய் என்றால் கரும்புள்ளி நடுவில் இருக்க வேண்டும். கன்ன ஓரமாக ஒதுங்கியிருந்தால் மறுபாதியில் எம்பி2-வைத் தேடுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைத் திரையிலேயே அளந்துகொண்டு, எம்பி1-லிருந்து அண்ணக் கால்வாயை நோக்கிய கோட்டுக்குச் சற்று முன்புறமாக, மேலே மூடியிருக்கும் டென்டின் (பல்லின் உள்ளடுக்கு) விளிம்பை அல்ட்ராசோனிக் முனையால் மெல்லச் சுரண்டினால் கால்வாயின் வாய் திறக்கும்.

கீழ் இரண்டாம் கடைவாய்ப் பல்லின் சி வடிவக் கால்வாயும் இப்படித்தான். ஐஓபிஏயில் ஃபைல் இரு வேருக்கும் நடுவே ஓட்டை போட்டு வெளியே வந்ததுபோல் பயமுறுத்தும். சிபிசிடியில் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வெட்டாகப் பார்த்தால் வடிவம் மாறிக்கொண்டே போவதும், வேரின் வெளிப்பள்ளத்தை ஒட்டிய சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதும் தெரியும். அந்தப் பக்கம் பெரிய ஃபைல் போட்டால் சுவர் கிழிந்துவிடும்.

சிபிசிடிக்கும் ஏமாற்றும் குணம் உண்டு. உலோகக் கிரவுன், வேருக்குள் நட்ட போஸ்ட், பழைய கட்டாபெர்ச்சா (கால்வாயை அடைக்கும் ரப்பர் போன்ற பொருள்) பக்கத்தில் கருங்கோடுகள் விழும். அவை வேர் விரிசல்போலவோ விட்டுப்போன கால்வாய்போலவோ தோன்றும். எடுக்கும்போது தலை லேசாக அசைந்தாலே நுண்விவரம் போய்விடும். கதிர்வீச்சும் ஐஓபிஏயைவிடப் பல மடங்கு. 2015-இல் அமெரிக்க எண்டோடான்டிக்ஸ் சங்கமும் வாய்-முகக் கதிரியக்க அகாடமியும் சேர்ந்து வெளியிட்ட நிலைப்பாடும் முதலில் ஐஓபிஏ, சிக்கலான உருவம் என்று சந்தேகம் வந்தால் சிறுபரப்பு சிபிசிடி என்றே சொல்கிறது.

ஸ்கேன் சென்டருக்கு எழுதும் சீட்டில் ‘சிபிசிடி’ என்று மட்டும் எழுதாதீர்கள். முழுத் தாடையும் எடுத்து அனுப்பிவிடக்கூடும். பல் எண், 5×5 செ.மீ. பரப்பு, 0.1 மி.மீ. அளவிலான வாக்ஸல் (முப்பரிமாணப் படத்தின் மிகச்சிறு கட்டம்), என்ன கேள்வி என்பது எல்லாம் இருக்கட்டும். அச்சடித்த ஃபிலிமில் வெட்டுகளை நகர்த்திப் பார்க்க முடியாது. டைகாம் கோப்பையே (ஸ்கேனின் மூல டிஜிட்டல் பதிவு) பென்டிரைவில் கேளுங்கள். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தவரை மறுபடி ஸ்கேனுக்கு அலையவிட வேண்டியிராது.