தடக்-தடக்: அரமா, ஸ்பீக்கரா?

இலங்கையின் ஹட்டனில் கோச்சிச் (ரயில்) சத்தம் கேட்டே வளர்ந்தவனுக்கு, மேசையில் மாடல் ரயில் வழுக்கிக்கொண்டு போனால் பொறுக்காது. அந்தத் தடக்-தடக் சத்தத்தை வரவைக்க இரண்டு வழி பார்த்தேன்.

ஒன்று, தண்டவாளத்தின் மேல்முகத்தை மெல்லிய அரத்தால் லேசாகக் கீறுவது. நிஜத்தில் 60 அடிக்கு ஒரு தண்டவாள இணைப்பு என்று வைத்தால், 1:76 அளவில் சுமார் 24 சென்டிமீட்டருக்கு ஒரு கீறல், இரண்டு பக்கமும் நேருக்கு நேர், உள்விளிம்பில் பிசிறு நின்றால் சக்கரம் ஏறித் தடம் புரளும் (எனக்குப் புரண்டது, அதுவும் பாலத்தின் மேல்). ஆனால் பலன் அருமை: போகியின் (பெட்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) இரண்டு அச்சும் அடுத்தடுத்து விழும்போது தடக்-தடக், சின்ன இடைவெளி, அடுத்த போகி மறுபடி தடக்-தடக், வேகம் குறைந்தால் தாளமும் தானாகவே குறையும். உலோகச் சக்கரம்தான் வேண்டும், பிளாஸ்டிக் வெறுமனே முணுமுணுக்கும். அடியில் பஞ்சுத் தாள் போட்டிருந்தால் அது பாதிச் சத்தத்தை விழுங்கிவிடும்.

மற்றது, எஞ்சினுக்குள் சவுண்ட் டிகோடரும் (பதிவு செய்த ரயில் சத்தத்தை ஒலிக்கும் சின்ன மின்சுற்று) ஸ்பீக்கரும். கீறலில் வரும் சத்தம் கொஞ்சம் கீச்சு, இதில் கனம் அதிகம். ஆனால் எஞ்சின் மட்டும் பேசும், பெட்டிகள் ஊமை. பதிவு வேகத்தோடு ஒட்டாவிட்டால், நானுஓயா ஏற்றத்தில் ஊரும் கோச்சி காதுக்குச் சமவெளியில் பறக்கும்.

நான் கீறிவிட்டேன். ஸ்பீக்கர் ஹாரனுக்கு மட்டும்.