தைப்பூசக் கூட்டத்தில் ஒரு சின்னக் கேமரா

தம்பி காவடி எடுப்பதைப் படம் பிடிக்கத்தான் நான் கேமராவே வாங்கினேன். மொரீஷியஸில், காத்ரபோர்ன் ஊரில், கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்குத் தைப்பூசத்தன்று குடும்பத்தோடு போவோம். வெறுங்காலோடு வேட்டி கட்டிக்கொண்டு, அவன் காவடிக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டும். நடுவில் தண்ணீர் கொடுக்கணும், காவடி சாய்ந்தால் ஒரு கை பிடிக்கணும். கழுத்தில் பெரிய கேமரா தொங்கினால் எதுவும் நடக்காது.

முதலில் 30 மடங்கு ஜூம் உள்ள ஒரு சின்னக் கேமரா வைத்திருந்தேன். வெயிலில் குறையில்லை. மண்டபத்துக்குள் நுழைந்ததும் முகங்கள் மெழுகு பூசியதுபோல ஆகிவிடும், தென்னங்குருத்துத் தோரணம் பச்சைக் கறையாகத் தெரியும். ஃபிளாஷ் போட்டால் விளக்கொளியின் அழகே போய்விடும். அலகு குத்தி, கண் செருகி நிற்பவரின் முகத்தில் அதை அடிக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

காரணம் சென்சார், அதாவது ஒளியைப் படமாக மாற்றும் சில்லு. அந்த வகைக் கேமராக்களில் அது ஏறக்குறைய 6.2க்கு 4.6 மி.மீ. ‘ஒரு அங்குலம்’ என்று சொல்லப்படும் சென்சார் 13.2க்கு 8.8 மி.மீ., அதாவது பரப்பில் நான்கு மடங்கு. பழைய கேமராவின் லென்ஸ் எஃப் 3.3. இது லென்ஸ் திறப்பின் அளவு, எண் சிறிதானால் திறப்பு பெரிது. அதுவே எஃப் 1.8 ஆக இருந்தால் ஒரே ஷட்டர் வேகத்தில் மூன்று மடங்குக்கு மேல் ஒளி நுழையும். இரண்டும் சேர்ந்தால் 13 மடங்குக்கு மேல். இந்தக் கணக்குப் புரிந்த பிறகு பெட்டியில் போட்டிருக்கும் ஜூம் எண்ணைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

2016 கடைசியில் சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3 வாங்கினேன். 2014இல் வந்த மாடல். 20 மெகாபிக்சல், 24 முதல் 70 மி.மீ. வரை ஜூம் (எண் சிறிதானால் அகலக் காட்சி, பெரிதானால் கிட்டே இழுக்கும்), எஃப் 1.8 முதல் 2.8 வரை, பேட்டரியோடு 290 கிராம். இடுப்புப் பையில் அடங்கிவிடும். ஜூம் மூன்று மடங்குகூட இல்லை என்று வீட்டில் கேட்டார்கள். ஊர்வலத்தில் தம்பி எனக்கு ஒரு கை தூரத்தில்தானே இருக்கிறான்!

வாங்கும்போது நான் பெரிதாக எண்ணாத ஒன்று, மேலே எழும்பும் கண்காட்டி, கண்ணை ஒட்டி வைத்துக் காட்சியைப் பார்க்கும் சின்னச் சாளரம். நம் தீவு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 20 பாகையில் இருக்கிறது. தைப்பூச நாட்களில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். திரையில் ஒன்றுமே தெரியாது, கண்ணை வைத்துப் பார்த்தால்தான் உண்டு. அதை உள்ளே அமுக்கினால் கேமரா அணைந்துவிடும், அது பழகிவிட்டது. உச்சி வெயிலில் கண்குழிகள் இருட்டாகிவிடும் என்பதால் எல்லாவற்றையும் ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்து, வீட்டில் நிழலை மட்டும் கொஞ்சம் தூக்குகிறேன்.

மண்டபத்துக்குள் ஷட்டரை 1/125 நொடியில் வைத்து, ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 3200ஐத் தாண்டாதபடி பார்த்துக்கொள்வேன். விளக்கு வரிசை இருந்தால் ஒளியைச் சற்றுக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் சுடர் வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும். செவ்வந்தியின் மஞ்சள் மஞ்சளாகவே வரும், பால் செம்பின் விளிம்புகூட மங்காது. மூலவரை நான் எடுப்பதில்லை. மற்றதற்கும் குருக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவேன். பூசை முடிந்து வாழையிலையில் ஏழு கறி வந்ததும் 5 செ.மீ. வரை கிட்டே போய் எடுக்கலாம்.

பகல் படங்களுக்கு இப்போதைய போன் போதும், அதற்காக யாரும் செலவு செய்ய வேண்டாம். நண்பரின் ரிக்கோ ஜிஆர் 3ஐயும் கையில் பிடித்துப் பார்த்தேன். சென்சார் இதைவிட மூன்று மடங்கு பெரிது, ஆனால் லென்ஸ் எஃப் 2.8. அதனால் இருட்டில் அகலக் கோணத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம்தான். அது 28 மி.மீ.இல் நிற்கும், ஜூம் கிடையாது, கண்காட்டியும் கிடையாது. தெருவில் தனியாக நடப்பவருக்கு அதைச் சொல்வேன். 200 மி.மீ. வரை ஜூம் தரும் ஆர்எக்ஸ்100 மார்க் 7இல் லென்ஸ் எஃப் 2.8இல்தான் தொடங்குகிறது. கோயிலுக்கு எனக்கு அது வேண்டாம்.

ஈரம்தான் பெரிய எதிரி. நாங்கள் இருப்பது கியூர்பிப் மேட்டில், அலமாரிக்குள் துணியே பூத்துப்போகும். பழைய கேமராவின் லென்ஸில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்ந்ததைப் பார்த்த பிறகு, இதைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். மழைக்கும் தாங்காத கேமரா, அதனால் ஊர்வலத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை எப்போதும் உண்டு. பேட்டரி 320 படம் என்பது கணக்கு. எனக்கு ஒரு நாளுக்கு மூன்று வேண்டும். மலிவான வேறு பேட்டரி ஒன்று உப்பி, உள்ளேயே சிக்கி, எடுக்கப் பெரும் பாடாகிவிட்டது.

பழையதாக வாங்க நினைத்தால், லென்ஸை முழுதாக நீட்டி டார்ச் அடித்து உள்ளே வலை தெரிகிறதா பாருங்கள். எஃப் 11 வைத்து வானத்தை ஒரு படம் எடுங்கள், தூசி இருந்தால் புள்ளியாகக் காட்டிவிடும். ஜூமைப் பத்து முறை உள்ளே வெளியே ஓட்டிச் சத்தத்தைக் கேளுங்கள். கரகரத்தால் வாங்காதீர்கள்.